பியானோ ஜாஸ்: இரண்டு பியானோ, ஒரு மணி நேரம், நிறைய கேள்விகள்

அமெரிக்கப் பொது வானொலியில் முப்பது வருஷத்துக்கும் மேல் ஓடிய 'மரியன் மெக்பார்ட்லண்டின் பியானோ ஜாஸ்' நிகழ்ச்சியைக் கேட்டுப் பாருங்கள் என்று யாரிடம் சொன்னாலும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று இல்லை.

முதலில், இது என்ன நிகழ்ச்சி?

ஒரு ஸ்டுடியோ, இரண்டு கிராண்ட் பியானோ. ஒன்றில் மரியன் மெக்பார்ட்லண்ட், இன்னொன்றில் அந்த வாரத்து விருந்தினர். ஒரு மணி நேரம் பேசுவார்கள், நடுநடுவே விருந்தினர் தனியாக வாசிப்பார், மரியனும் ஒன்றிரண்டு வாசிப்பார், அப்புறம் இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். பார்வையாளர் கிடையாது, கைதட்டல் கிடையாது. தயாரித்தது தெற்கு கரோலைனா மாநிலத்தின் பொது வானொலி, நாடு முழுக்கக் கொண்டுபோனது தேசியப் பொது வானொலியான என்.பி.ஆர்.

மரியன் மெக்பார்ட்லண்ட் யார்? அமெரிக்கரா?

இல்லை, ஆங்கிலேயர். 1918இல் இங்கிலாந்தின் ஸ்லவ் என்ற ஊரில் பிறந்தவர். லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் மேற்கத்திய செவ்வியல் இசை படித்துக்கொண்டிருந்தார், வீட்டிலும் அந்த வழியில்தான் போவார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1938இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பில்லி மேயர்ல் என்பவர் நடத்திய பியானோக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போய் மேடையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். 'நீ ஒரு வாத்தியக்காரனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மச்சு அறையில் குடியிருக்கப் போகிறாய்' என்று அவர் அம்மா எச்சரித்ததாகவும், அது அப்படியே பலித்ததாகவும் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

அந்த வாத்தியக்காரர் ஜிம்மி மெக்பார்ட்லண்ட். சிகாகோக்காரர், டிரம்பட் மாதிரியான கார்னெட் வாசிப்பவர், 1924இல் வுல்வரீன்ஸ் என்ற ஜாஸ் குழுவை விட்டு, பெயர்பெற்ற கார்னெட்காரர் பிக்ஸ் பைடர்பெக் போனபோது அவர் இடத்துக்கு வந்தவர். இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களுக்கு இசை நிகழ்ச்சி நடத்தும் குழுவில் மரியன் ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது பெல்ஜியத்தில் இருவரும் சந்தித்தார்கள். 1945 பிப்ரவரியில், சண்டை இன்னும் முடியாத நேரத்தில், ஜெர்மனியின் ஆகனில் கல்யாணம். பின்னால் விவாகரத்தும் ஆனது, ஆனாலும் நட்பு விடவில்லை, 1991இல் ஜிம்மி இறப்பதற்குச் சில வாரம் முன்பு மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இதைத் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம், இங்கே வேண்டாம்.

பெயர் வாங்கியது எப்படி?

நியூயார்க்கில் 52ஆம் தெருவில் ஹிக்கரி ஹவுஸ் என்று ஒரு ஸ்டேக் கடை இருந்தது. சுற்றிலும் பார், நடுவில் மேடை. 1952இலிருந்து கிட்டத்தட்ட அந்தப் பத்தாண்டு முழுக்க மரியனின் மூவர் குழு அங்கே வாசித்தது. பாஸ் வாசித்தவர் பில் க்ரோ, டிரம்ஸ் ஜோ மொரெல்லோ. மொரெல்லோவை உங்களுக்குப் பெயர் தெரியாமலே தெரிந்திருக்கும், பிற்பாடு டேவ் புரூபெக் குழுவில் 'டேக் ஃபைவ்' வாசித்த அதே ஆள்.

ஜாஸ் இசையமைப்பாளர்களில் பெரிய பெயரான டியூக் எல்லிங்டன் அங்கே அடிக்கடி சாப்பிட வருவார். ஒருநாள் அவர் மரியனிடம், நீங்கள் எவ்வளவு நிறைய சுரங்கள் வாசிக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். முதலில் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார், அது எப்படிப்பட்ட பாராட்டு என்று புரிய கொஞ்ச நாள் ஆனதாக மரியன் சொல்வார். இந்தச் சம்பவம் முக்கியம், ஏனென்றால் ரேடியோவில் நீங்கள் கேட்கப்போகும் மரியன் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மரியன்.

அந்தக் காலத்து ஜாஸ் விமர்சகர் லெனர்ட் ஃபெதர், ஆங்கிலேயர், வெள்ளைக்காரர், பெண், இந்த மூன்றும் சேர்ந்திருக்கும்போது இவர் தேறவே மாட்டார் என்கிற மாதிரி எழுதினார். மரியன் அதை ஆயுள் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். 1958இல் ஆர்ட் கேன் என்ற புகைப்படக்காரர் நியூயார்க்கின் ஹார்லெமில் எடுத்த, 57 ஜாஸ் கலைஞர்கள் ஒரே படிக்கட்டில் நிற்கும் புகைப்படத்தில் பெண்கள் மொத்தமே மூன்று பேர்தான், அதில் மரியன் ஒருவர். பக்கத்தில் நிற்பவர் மேரி லூ வில்லியம்ஸ். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

ரேடியோவுக்கு வந்தது எப்படி?

அலெக் வைல்டர் என்ற இசையமைப்பாளர் தெற்கு கரோலைனா வானொலிக்காக அமெரிக்கப் பாடல்களைப் பற்றி ஒரு தொடர் செய்திருந்தார். அடுத்து என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது மரியன் பெயரைச் சொன்னவர் அவர்தான். முதல் பதிவு 1978இல், அப்போது மரியனுக்கு வயது அறுபது. நம் ஊரில் ரிட்டையர் ஆகிப் பென்ஷன் வாங்க ஆரம்பிக்கும் வயதில் தொடங்கி, 92 வயது வரைக்கும் விருந்தினர்களோடு உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தார்.

முதலில் வந்து உட்கார்ந்தவர் அந்த மேரி லூ வில்லியம்ஸ். 1930களில் ஆண்டி கர்க்கின் பெரிய குழுவுக்கு இசை எழுதியவர், பிறகு தெலோனியஸ் மங்க், பட் பவல் போன்ற பியானோக் கலைஞர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். முதல் நிகழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய ஆளை அழைத்திருக்க முடியாது.

பேட்டி எடுக்க நல்ல பத்திரிகையாளர் போதாதா? பியானோ கலைஞரே எதற்கு?

எனக்கு இந்த நிகழ்ச்சி பிடித்துப்போனதற்குக் காரணமே இந்தக் கேள்விக்கான பதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஒரு இசைக்கலைஞரிடம் 'உங்கள் பாணியை எப்படி விவரிப்பீர்கள்' என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சிலர் நழுவுவார்கள், சிலர் ஏற்கெனவே நூறு தடவை சொன்னதையே ஒப்பிப்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை, கைக்குத் தெரிந்தது எல்லாம் வாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? ஆனால் அதே ஆளிடம் இன்னொரு பியானோவில் உட்கார்ந்திருப்பவர், 'அந்தப் பாட்டில் இரண்டாவது பகுதிக்குப் போகும்போது ஒன்று செய்தீர்களே, இதுதானே?' என்று வாசித்தும் காட்டினால் ஆள் நிமிர்ந்து உட்காருவார். 'இல்லை இல்லை, இப்படி' என்று திருத்துவார். அடுத்த பத்து நிமிஷம் அவர் வாயிலிருந்தும் விரலிலிருந்தும் வருவதை வேறு எந்தப் பேட்டியிலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மரியனுக்குப் பாடல்கள் ஏராளமாகத் தெரியும். காகிதத்தைப் பார்த்து வாசிப்பதைவிடக் காதால் பிடித்து வாசிப்பதில்தான் அவர் கெட்டி. ஒவ்வொரு சுருதியும் அவருக்கு ஒரு நிறமாகத் தெரியுமாம், டி என்றால் மஞ்சள், பி என்றால் மெரூன், பி ஃப்ளாட் நீலம். எதிரில் இருப்பவர் திடீரென்று ஒரு பாட்டைத் தொட்டால் இவரும் கூடவே போய்விடுவார். அது மட்டும் இல்லை, வந்தவர்களில் பல பேர் அவருக்குப் பழக்கமானவர்கள், அதே கிளப்களில் வாசித்தவர்கள், கடைசி செட் முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். இந்த நிகழ்ச்சியில் அசல் பேட்டி டூயட்டில்தான் நடக்கிறது, பேச்சு அதற்கு முன்னுரை என்பது என் கட்சி.

எழுதி வைத்த இசை இல்லாமல் இரண்டு பேர் எப்படிச் சேர்ந்து வாசிக்க முடியும்?

ஜாஸ்காரர்களுக்குப் பொதுவாக ஒரு சேமிப்பு இருக்கிறது, 'ஸ்டாண்டர்டு' என்பார்கள். பழைய பிராட்வே நாடகப் பாடல்கள், சினிமாப் பாடல்கள், எல்லிங்டன் மாதிரியானவர்கள் எழுதியவை. நிறையப் பாடல்களுக்கு 32 பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) அளவு, எட்டு எட்டாக நான்கு துண்டு, முதல் இரண்டும் கடைசியும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. ப்ளூஸ் என்றால் 12 பார். மெட்டுக்கு அடியில் எந்த இடத்தில் எந்தக் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் எந்தக் கொத்து, வர வேண்டும் என்பது இருவருக்கும் மனப்பாடம். எந்தச் சுருதி, எவ்வளவு வேகம், யார் ஆரம்பிப்பது, இவ்வளவு முடிவானால் போதும். முதல் சுற்றில் மெட்டு, அடுத்த சுற்றுகளில் அதே கார்டுகளின் மேல் கற்பனை, கடைசியில் மறுபடி மெட்டு.

கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் இரண்டு பியானோ என்பது பெரிய தொல்லை. சாக்ஸபோனும் பியானோவும் என்றால் வேலை தானாகப் பிரிந்துவிடும். தனியாக வாசித்துப் பழகிய பியானோக்காரரோ இடது கையில் பாஸ், நடுவில் கார்டு, வலது கையில் மெட்டு என்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வார். அப்படி இரண்டு பேரை உட்கார வைத்தால் நாலு கையும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். கீழ்ப்பகுதியில் இருவரும் இறங்கினால் ஒரே இரைச்சல். ஒருவர் வழக்கமான கார்டுக்குப் பதில் வேறொன்றைப் போட, மற்றவர் வழக்கமானதையே அழுத்தினால் கேட்கிற நமக்கே பல் கூசும்.

அதனால் யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும், யார் எப்போது என்று பேசி வைத்துக்கொள்ளவும் முடியாது. மரியன் பெரும்பாலும் விருந்தினரின் பாணிக்குள் போய்விடுவார். எதிராளி இடது கையால் தாளத்தை ஓட்டினால் இவர் மேலே போய் இரண்டு சுரம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு சுரம். எதிராளி மேலே ஏறினால் கீழே இறங்கிப் பிடித்துக்கொள்வார். எல்லிங்டன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எங்கே போய் வேலை செய்கிறது பாருங்கள்.

கர்நாடக சங்கீதம் மட்டும் கேட்டுப் பழகியவருக்கு இது பிடிபடுமா?

சில இடங்கள் உடனே பிடிபடும். இருவரும் எட்டு பார் நீ, எட்டு பார் நான், அப்புறம் நாலு நாலு என்று மாற்றிக்கொள்வார்கள், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பில் செய்வதைக் கேட்டவருக்கு அது புதிதாக இருக்காது. பழகிக்கொள்ள வேண்டியது கார்டுகள்தான். அடியில் மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் கொத்துகளைப் பின்தொடர ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தால், பாட்டின் மெட்டை மனசுக்குள் விடாமல் பாடிக்கொண்டே கேளுங்கள், எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது தானாகத் தெரியும்.

பில் எவன்ஸ் வந்த எபிசோடை ஏன் எல்லோரும் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள்?

தூக்கி வைக்கலாம், தகும்.

1978 நவம்பரில் பதிவானது. எவன்ஸ் பியானோக் கலைஞர், டிரம்பட் மேதை மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் வாசித்தவர், அவருக்குப் பின்னால் வந்த பியானோக்காரர்களில் அவர் சாயல் படாதவர்கள் குறைவு. அதிகம் பேசாத ஆள். 1980 செப்டம்பரில் 51 வயதில் இறந்துபோனார், ஆக இந்தப் பதிவுக்குப் பிறகு அவருக்கு இரண்டு வருஷம்கூட மிச்சமில்லை.

இந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு நல்ல வாத்தியார் மாதிரி உட்கார்ந்து, தான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறார். குறிப்பாக ஒரு விஷயம்: பாட்டின் ஒரு வரியை அது விழ வேண்டிய தட்டில் விழ விடாமல் தள்ளிப் போடுவது. அழுத்தம் விழும் இடங்கள் நகர்ந்துகொண்டே போகும், கேட்கிறவருக்கு ஐயோ தாளம் போய்விட்டதோ என்று தோன்றும், ஆனால் உள்ளே கணக்கு ஒரு இம்மியும் பிசகாது, எங்கே வந்து சேர வேண்டுமோ அங்கே சரியாக வந்து சேர்வார். இதைப் பேசிக்கொண்டே வாசித்தும் காட்டுகிறார். எதற்கும் ஓர் அமைப்பு வேண்டும், அமைப்பு கையில் இருந்தால்தான் அதிலிருந்து விலக முடியும் என்பது அவர் எண்ணம். இதைப் பத்திரிகையில் படித்தால் தத்துவம் மாதிரி இருக்கும், பியானோவோடு கேட்கும்போது வெறும் தொழில் விளக்கம், அதுதான் இதன் அழகு. மரியனும் இங்கே தொகுப்பாளராக இல்லை, தனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார். இந்த எபிசோட் பிற்பாடு சிடியாகவும் வந்தது.

பியானோ வாசிக்காதவர்களும் வந்தார்களா?

வந்தார்கள். பெயரில்தான் பியானோ. டிஸ்ஸி கில்லெஸ்பி டிரம்பட் கலைஞர், அவர் வந்து பியானோவிலும் உட்கார்ந்தார். டோனி பெனட், ரோஸ்மேரி குளூனி மாதிரி பாடகர்கள் வந்தால் மரியன் பக்கவாத்தியம் வாசித்தார். எனக்கு இந்தப் பாடகர் எபிசோடுகள் ரொம்பப் பிடிக்கும். பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் மட்டும் நுழைந்து வெளியே வரும் வாசிப்பு, கவனித்தால்தான் தெரியும். கார்மன் மெக்ரே, ஷெர்லி ஹார்ன் ஆகியோர் பாடகர்கள்தான், ஆனால் நல்ல பியானோக்காரர்களும்கூட, அவர்கள் வந்தபோது கணக்கே வேறு.

ஜாஸுக்கு வெளியிலிருந்தும் வந்தார்கள்: அமெரிக்கக் கன்ட்ரி இசையிலிருந்து வில்லி நெல்சன், ராக்கிலிருந்து ஸ்டீலி டான் குழுவின் டொனால்ட் ஃபேகனும் வால்டர் பெக்கரும், எல்விஸ் காஸ்டெல்லோ, நோரா ஜோன்ஸ். நோரா ரவிசங்கரின் மகள் என்பது தெரிந்ததுதானே.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

வலிந்து தேட வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் ஒரு எபிசோடில் ஒரு இழை இருக்கிறது. 1981இல் ஆலிஸ் கோல்ட்ரேன் விருந்தினராக வந்தார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் மனைவி, பியானோவும் ஹார்ப்பும் வாசித்தவர். கணவர் இறந்த பிறகு அவர் குருவாக ஏற்றுக்கொண்டவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர், 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவர். ஆலிஸின் புகழ்பெற்ற 1971 ஆல்பத்தின் பெயரே 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அந்த ஆல்பத்தை முதலில் கேட்டுவிட்டு இந்த எபிசோடுக்குப் போனால், தம்பூரா ஒலியோடு நாம் அறிந்த ஆலிஸுக்குள் டெட்ராய்ட் தேவாலயத்தில் வாசித்து வளர்ந்த பெண் இன்னும் இருப்பது கேட்கும்.

குறையே கிடையாதா?

இருக்கிறது. பரஸ்பரப் பாராட்டு சில சமயம் தாங்க முடியாது. 'எவ்வளவு அழகு', 'நீங்கள் வாசித்ததுதான் அழகு' என்று நாலு நிமிஷம் போகும். தர்மசங்கடமான கேள்விகளை மரியன் பொதுவாகக் கேட்கமாட்டார். போதைப்பழக்கம், பணத்தகராறு, நிறவெறி எல்லாம் பேச்சோடு பேச்சாக வந்தால் உண்டு, அவராகத் தோண்டுவது குறைவு. ஜாஸ் வரலாற்றின் கசப்பான பக்கம் வேண்டும் என்றால் இது இடம் இல்லை. இளம் விருந்தினர்கள் சிலர் மரியாதையில் உறைந்துபோய் டூயட்டில் ஒதுங்கியே வாசிப்பார்கள், அதுவும் கொஞ்சம் அலுப்பு.

ஆனால் அவர் சும்மா இனிப்பாகப் பேசும் பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள். நகைச்சுவை கூர்மையானது, பிடிக்காத ஒன்றைப் பிடித்ததாகச் சொல்லவும் மாட்டார், பேச்சை மாற்றிவிடுவார்.

'போர்ட்ரெய்ட்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

பல எபிசோடுகளில் மரியன், எதிரில் இருக்கும் விருந்தினரை மனதில் வைத்து அங்கேயே ஒரு சின்ன இசையை உருவாக்கி வாசிப்பார். முன்கூட்டி எழுதியது இல்லை. சில சுமார், சில பிரமாதம். விருந்தினர் அதைக் கேட்டுவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் திணறும் சில விநாடிகளுக்காகவே கேட்கலாம்.

தொடக்கத்தில் வரும் இசை?

'கலைடாஸ்கோப்'. மரியன் இசையமைத்ததுதான்.

விருது ஏதாவது?

நிகழ்ச்சிக்கு 1983இல், அமெரிக்க ஒலிபரப்புத் துறையில் மதிக்கப்படும் பீபாடி விருது. மரியனுக்கு 2000இல் அமெரிக்க அரசின் கலை நிதியமான என்.இ.ஏ. தரும் ஜாஸ் மாஸ்டர் விருது, 2004இல் கிராமி அறங்காவலர் விருது, 2010இல் பிரிட்டன் அரசின் ஓ.பி.இ. பட்டம்.

எப்போது நின்றது?

மரியன் கடைசியாகப் பதிவு செய்தது 2010 செப்டம்பரில். 2011இல் ஓய்வு பெறுவதாக அறிவித்தார்கள். 2012இல் ஜான் வெபர் என்ற பியானோக் கலைஞர் தொகுப்பாளராக வந்தார், அவர் திறமையான வாசிப்பாளர், ஆனால் அந்த நாற்காலி யாருக்கும் பெரிதுதான். பழைய எபிசோடுகளின் மறு ஒலிபரப்பும் தொடர்ந்தது. மரியன் 2013 ஆகஸ்ட் 20 அன்று, 95 வயதில், நியூயார்க் மாநிலத்தின் போர்ட் வாஷிங்டனில் காலமானார்.

இவர்கள் பேசும் ஆங்கிலம் புரியுமா?

மரியனின் உச்சரிப்பு தெளிவான பிரிட்டிஷ் உச்சரிப்பு, பிரச்சினை இல்லை. விருந்தினர்களில் வயதானவர்கள் சிலர், உதாரணமாக 1887இல் பிறந்த யூபி பிளேக், அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சில் வேகமாகப் போவார்கள். கால்வாசி புரியாவிட்டாலும் நஷ்டம் இல்லை, அவர் ஜாஸுக்கு முந்தைய துள்ளல் பியானோ இசையான ராக்டைம் வாசிக்க ஆரம்பித்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

ஜாஸே தெரியாது. எதில் ஆரம்பிக்கலாம்?

பில் எவன்ஸில் ஆரம்பிக்காதீர்கள், அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டியது. ரே சார்ல்ஸ் அல்லது டோனி பெனட் எபிசோடில் தொடங்கலாம், குரல் இருப்பதால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கும். அடுத்து டேவ் புரூபெக், இல்லையென்றால் ஆஸ்கர் பீட்டர்சன். அதற்குப் பிறகு மேரி லூ வில்லியம்ஸ், அப்புறம் எவன்ஸ். ஆலிஸ் கோல்ட்ரேனை எப்போது வேண்டுமானாலும் நடுவில் செருகிக்கொள்ளலாம்.

வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டால் இது ஹோட்டல் லாபி இசை மாதிரிதான் கேட்கும். பேச்சின்போது வேண்டுமானால் பாத்திரம் கழுவுங்கள், டூயட் வந்தால் குழாயை மூடிவிடுங்கள்.

எங்கே கேட்பது?

என்.பி.ஆர் இணையதளத்தில் நிகழ்ச்சியின் பெயரைப் போட்டுத் தேடினால் நிறைய எபிசோடுகள் கிடைக்கும், காசு கிடையாது. 'தி ஜாஸ் அலையன்ஸ்' என்ற முத்திரையில் சில எபிசோடுகள் சிடியாக வந்திருக்கின்றன, அவற்றில் பேச்சும் இசையும் தனித்தனிப் பகுதிகளாக இருப்பதால் டூயட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வசதி. பாடல்களை வழங்கும் செயலிகளிலும் விருந்தினர் பெயரோடு 'பியானோ ஜாஸ்' என்று தேடிப் பாருங்கள். அதே பெயரில் சாப்பாட்டு நேரத்து இசைத் தொகுப்புகள் மலை போல் வந்து விழும், மெக்பார்ட்லண்ட் பெயரையும் சேர்த்துப் போட்டால் தப்பித்தீர்கள்.